கீப்பர் எறியவில்லை

அவருடைய வலது கையில் நேரான விரல் ஒன்றுகூட இல்லை. சுட்டுவிரல் முதல் மூட்டோடு வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நடுவிரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து படுத்திருக்கும். சின்னவிரல் மடங்கவே மடங்காது. கோப்பி குடிக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய இடத்து ஆள், நாகரிகமாகக் கோப்பை பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

அவை பந்து பட்டு உடைந்த விரல்கள். ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்து, அமெரிக்காவின் சின்ன ஊர்களில் பதின்மூன்று வருடம் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடியவர் அவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிறவன் எறியும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. அந்த ஆளைக் கச்சர் என்பார்கள். இடது கைக்குத் தடித்த தோல் கையுறை உண்டு. வலது கை வெறுங்கை. மட்டையின் விளிம்பில் பட்டுத் திசை மாறும் பந்து வந்து விழுவது அந்த வெறுங்கையில்தான்.

நாங்கள் ரொறன்ரோவின் ஓரத்தில், ஸ்காபரோவில், பெட்டி செய்யும் ஒரு கொம்பனியில் வேலை செய்தோம். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் சிவா அண்ணை. நானும் அவரும் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரே பேஸ்மென்றில் குடியிருந்தோம். இந்த வெள்ளைக்காரரின் கதையைக் கேட்டதும் சிவா அண்ணை, "மட்டைக்குப் பின்னால குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன் விக்கெட் கீப்பர்தானே. பிறகென்ன கச்சர், கிச்சர்?" என்றார். அன்றிலிருந்து தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அவர் கீப்பர். என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று அவருக்கும் சொன்னோம். சிரித்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் தொடங்கினார்.

எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடைவேளையில் அவர் கதிரையில் இருக்கமாட்டார். சுவரோரமாகக் குந்தியிருந்து சாப்பிடுவார். கதிரையில் இருந்தால்தான் முழங்கால் நோகிறது என்பார். அப்படிக் குந்துகிற வெள்ளைக்காரனை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. நாங்களும் பக்கத்தில் போய்க் குந்துவோம். எங்களை மேற்பார்க்கிற போர்மன் கடந்து போகும்போது ஐந்தாறு பேர் வரிசையாகக் குந்தியிருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவான்.

நான் கூச்சக்காரன். பதினாறு வயதில், ஓ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுவிட்டது. அந்த வேலை எனக்குச் சரிவந்ததே பேச வேண்டியதில்லை என்பதால்தான். நீளமான அச்சு மெஷின். ஒரு முனையில் நான் நின்று அட்டைத் தாள்களை உள்ளே தள்ள வேண்டும். மறுமுனையில் அவர் நின்று, அச்சாகி வெட்டுப்பட்டு வருவதை எடுத்து அடுக்க வேண்டும். நடுவில் முப்பது அடி. கத்தினாலும் கேட்காது. ஆகவே அவர் விரலால் பேசுவார். ஒரு விரல் என்றால் மெதுவாக. இரண்டு என்றால் கெதியாக. மூன்று என்றால் தாள் சரிந்து வருகிறது. கையைப் பொத்தினால் நிறுத்து.

முதல் கிழமை நான் அடிக்கடி பிழைவிட்டேன். அந்தக் கோணல் விரல்களில் ஒன்று எது, இரண்டு எது என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. திங்கட்கிழமை அவர் வரும்போது வலது கை நகங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஆபீசில் எழுத்துப் பிழைக்குப் பூசுகிற அந்த வெள்ளை மையை வாங்கிப் பூசியிருந்தார். வெளிச்சம் குறைந்த மைதானங்களில் கச்சர்மார் அப்படிச் செய்வது வழக்கமாம். எறிகிறவனுக்கு அவருடைய சைகை தெரிய வேண்டுமே. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உம்மட கண்ணில பிழை இல்லை," என்றார். "பிழை என்ர விரலில."

அவர் பேசியது இங்கிலீசுதான். எனக்கு விளங்கியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது.

பிழை என்னுடையது என்று அவர் சொன்னதை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருமுறை பீட்சாப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அன்று என் கவனம் வேறு எங்கேயோ. தாள்களைப் புரட்டிப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். மீசைவைத்த சமையல்காரனின் படம் பெட்டிக்கு வெளியே வராமல் உள்ளே வந்துவிட்டது. ஆள் உயர அடுக்கு ஒன்று முழுவதும் வீண். போர்மன் ஓடிவந்து ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, யார் என்று கேட்டான். நான் வாயைத் திறக்க முன், "சைகை நான்தான் மாறிக் காட்டினனான்," என்றார் கீப்பர். அவருடைய கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது.

பிறகு சுவரோரம் குந்தியிருக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சான்ட்விச்சைச் சப்பி முடித்தார்.

"எறியிறவன் நாளைக்கும் எறிய வேணும்," என்றார். "அவன்ர கை நடுங்கக்கூடாது. பிடிக்கிறவனுக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை."

பேஸ்போலில் ஒரு பழக்கம் இருக்கிறதாம். கச்சரைத் தாண்டிப் பந்து போய்விட்டால், அது எறிந்தவனின் பிழையா பிடிப்பவரின் பிழையா என்று ஒரு ஆள் தீர்மானித்து எழுதுவார். ஒருமுறை நிலத்தில் குத்தித் தாறுமாறாக வந்த பந்து இவரைத் தாண்டிப் போய், ஆட்டமே தோற்றுப்போனது. எறிந்தவன் இளம் பொடியன். அடுத்த கிழமை அவனைப் பெரிய நகரத்து அணிகள் ஆடும் பெரிய லீக்குக்கு எடுக்கப் போவதாகக் கதை. கீப்பர் ஆட்டம் முடிந்ததும் கவசத்தைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறவரிடம் மேலே ஏறிப்போய், அதை என் பெயரில் எழுதுங்கள் என்று நின்றாராம். அவர் எழுதினார். பொடியன் பெரிய லீக்குக்குப் போனான். அதே மாதம் பெரிய லீக்கில் ஒரு கச்சர் தேவைப்பட்டபோது, பந்தை விடுகிறவன் வேண்டாம் என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பொடியனின் பெயரை நான் கேட்டேன். அவர் சொல்லவில்லை. அவனுக்கே அது தெரியுமோ தெரியாது என்றார்.

அவரும் பெரிய லீக்குக்கு ஒருமுறை போனவர்தான். பதினொரு நாள். ஒரு புரட்டாதி மாதம் கூட்டிப்போய், மைதானத்தின் மூலையில், வேலிக்குப் பின்னால், எறிகிறவர்களின் கையைச் சூடாக்க விட்டிருந்தார்கள். ஒருநாள் பயிற்சியாளர் கை காட்டிக் கவசத்தைப் போடச் சொன்னாராம். இவர் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, உள்ளே மட்டைக்காரன் அவுட்டாகி ஆட்டம் முடிந்துவிட்டது. பெரிய லீக்கில் ஆடிய எல்லோருடைய பெயரும் உள்ள தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. உள்ளே போய் ஒரு பந்துக்கு நின்றிருந்தாலும் பெயர் வந்திருக்கும். அதில் அவர் பெயர் இல்லை.

"ஒரு பந்து," என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த ஒரு பந்து அவரைத் தேடி வந்தது தொண்ணூற்றைந்தில். முந்தின கோடையில் பேஸ்போல்காரர் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்து ஆட்டம் பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து வென்று தெருவெல்லாம் ஹோர்ன் அடித்துக் கொண்டாடிய ரொறன்ரோ, சத்தமில்லாமல் கிடந்தது. அணிகளின் முதலாளிமார் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலைநிறுத்தக்காரருக்குப் பதில் வேறு ஆட்களை வைத்து விளையாடுவோம் என்று அறிவித்தார்கள். விளையாட்டை விட்டுப்போனவர்களையும் தேடினார்கள். கச்சர்மார் கிடைப்பது கஷ்டமாம். முன்பு இவரோடு விளையாடிய ஒருவர் இப்போது ஏதோ ஒரு அணியில் ஆள் தேடுகிறவர். அவர் கீப்பருக்கு ரெலிபோன் எடுத்து, மாசி மாதம் புளோரிடாவுக்கு வா என்றார்.

கீப்பருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அடுத்த நாளே போர்மனிடம் லீவு போர்ம் வாங்கினார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, உமக்குப் பந்து எறியத் தெரியுமா என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பந்து போட்டவன்தான். ஓம் என்றேன்.

லொறியில் சாமான் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், அட்டை உருளைகளுக்கு நடுவே நீளமான ஒரு வெளி இருந்தது. இடைவேளையில் அங்கே அவர் முகமூடியும் நெஞ்சுக் கவசமும் மாட்டிக்கொண்டு குந்தினார். நான் நாலடி ஓடிவந்து, கையை மடக்காமல் சுழற்றி, கிரிக்கெட்டில் போடுகிற மாதிரியே போட்டேன். எனக்கு வேறு மாதிரி எறிய வரவில்லை. எறியலாம் என்று சொன்னாலும், முழங்கை மடங்கினால் யாரோ நோபோல் என்று கத்துவார்கள் என்ற பயம் உடம்பில் இருந்தது. பந்து அவருக்கு முன்னால் சீமெந்துத் தரையில் குத்தி, ஒருமுறை முகமூடியிலும் ஒருமுறை தொண்டையிலும் போய் அடித்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேஸ்போலில் பந்து நிலத்தில் படுவது மகா பிழை.

"டேய், அந்தாள் புளோரிடாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போறது?" என்றார் சிவா அண்ணை.

கீப்பர் மட்டும் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். இதுதான் எனக்கு வேணும், இப்படியே போடும் என்றார். குத்தி வருகிற பந்தை உடம்பால் மறிப்பதுதான் வயதானால் முதலில் மறக்கிறதாம். அதற்குப் பிறகு மூன்று கிழமை தினமும் போட்டேன். அவர் முழங்காலைத் தரையில் போட்டு, நாடியை நெஞ்சில் புதைத்து, பந்து எங்கே குத்தினாலும் நெஞ்சை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். எப்படி முந்தியே தெரிகிறது என்று கேட்டேன். பந்தைப் பார்க்கக்கூடாது, எறிகிறவனின் கையைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த நாட்களில் அவர் பத்து வயது குறைந்தவர் போல் நடமாடினார்.

போக வேண்டியதற்கு முதல்நாள் லீவு போர்மைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கிழித்துக் குப்பையில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அந்த இடத்துக்கு ஒருத்தன் இருக்கிறான்," என்றார். "அவன் வெளியில நிக்கிறான். அவன் வெளியில நிக்கேக்க நான் போய் அவன்ர இடத்தில குந்தேலாது."

எனக்கு அது விளங்கவில்லை. வெளியே நிற்பவர்கள் கோடீஸ்வரர்கள். அவர்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது. வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒரு பந்து கைக்கு வரும்போது வேண்டாம் என்கிறவரை என்ன சொல்வது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு மட்டும், நானென்றால் போயிருப்பேன் என்று சொன்னேன்.

"ஓம், நீர் போயிருப்பீர்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

சித்திரை தொடங்க முன்னமே பேஸ்போல்காரரின் வேலைநிறுத்தம் முடிந்தது. பதிலுக்கு எடுத்த ஆட்களை ஒரு ஆட்டமும் ஆடவிடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். போயிருந்தாலும் வெறுங்கையோடுதான் வந்திருப்பாய் என்று எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் அவருக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் கொம்பனியில் வேலைநிறுத்தம் வந்தது. தை மாதக் குளிர். வாசலில் தகரப் பீப்பாவுக்குள் பலகை எரித்துக்கொண்டு, முறைவைத்து நின்றோம். கீப்பர் ஒவ்வொரு நாளும் நின்றார். நானும் மூன்று கிழமை நின்றேன்.

என் மனைவி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நாங்கள் கல்யாணம் கட்டி எட்டு மாதம் சேர்ந்திருந்தோம், பிறகு ஆறு வருடம் ரெலிபோனில். லொட்ஜில் அடிக்கடி பொலிஸ் வரும். இரண்டு தடவை அவளை ஏற்றிக்கொண்டுபோய் இரவு முழுக்க வைத்திருந்து விடியத்தான் விட்டார்கள். அவளைக் கூப்பிடுவதற்கு நான் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு, இன்னும் வேலையில் இருக்கிறேன் என்று கொம்பனியின் கடிதம் கேட்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்தில் நிற்கிறவனுக்கு யார் கடிதம் தருவார்கள்? ஆபீஸ் மனேஜர் எனக்கு ரெலிபோன் எடுத்தான். உள்ளே வந்து வேலை செய், கடிதம் மேசையில் இருக்கிறது என்றான்.

சிவா அண்ணைக்கு நான் சொல்லவில்லை. கிளீனிங் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு விடிய வெளிக்கிடுவேன். டோனட் கடையின் பின்பக்கம் ஒரு வான் வரும். ஏஜென்சி பிடித்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஏறுவார்கள். அநேகமானோர் என்னைப்போல் வந்த ஆட்கள்தான். வான் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாக அட்டை ஒட்டியிருந்தார்கள். அது எங்கள் கொம்பனி அட்டை. தொட்டதும் தெரிந்தது. உள்ளே என்னை மெஷினின் மறுமுனையில் நிறுத்தினார்கள். கீப்பரின் இடம். அவர் அடுக்குகிற இடத்தில் தரையில் இரண்டு பாதத்தின் அளவுக்குப் பெயின்ட் தேய்ந்திருந்தது. நான் அதிலே கால் வைக்காமல் தள்ளி நின்று வேலை செய்தேன். அதனால் என்ன வந்தது. அவர் இடம்தானே.

ஐந்தாம் நாள் வான் வாசலுக்கு வந்தபோது கூட்டம் மறித்தது. வானைத் தட்டினார்கள். முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்து உடைந்து, ட்ரைவரின் நெற்றியில் இரத்தம் வந்தது. வான் உலுக்கியதில் என் பக்கத்து அட்டை கழன்று விழுந்தது. கீப்பர் இரண்டடி தூரத்தில் நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எறியாதேங்கோ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பின்வரிசையில் சிவா அண்ணை நின்றார். அவர் கையில் உடைந்த செங்கல் பாதி.

எறிந்தார். என் முகத்துக்கு நேரே வந்தது. கீப்பரின் வலது கை மேலே போனது. கண்ணாடிக்கு அரை அடி முன்னால், அந்த வெறுங்கையால், அந்தக் கல்லைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் உடம்பு திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைக் கண்டார்.

இரண்டு விநாடி இருக்கும். பிறகு வான் உள்ளே போய்விட்டது.

கூரையில் கொம்பனியின் கமெரா இருந்தது. அதில் பதிந்த படத்தில் கூட்டத்தின் பின்பக்கம் தெரியாது. வானுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் கையை உயர்த்தி நிற்பதும், அவன் கையில் செங்கல் இருப்பதும்தான் தெரியும்.

வேலைநிறுத்தம் ஆறாம் கிழமை முடிந்தது. எல்லோரையும் திரும்ப எடுத்தார்கள், அவரைத் தவிர. ட்ரைவருக்குக் காயம் செய்தவர் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யூனியன் எதிர்த்து வழக்காடியது. வாசலில் நின்றவர்களின் சாட்சி எடுபடவில்லை. வானுக்குள் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கச் சொல்லி, வழக்கை விசாரித்த நடுவர் கொம்பனிக்கு உத்தரவிட்டபோது, என் பெயர் வெளியே வந்தது.

அன்று பேஸ்மென்றில் சிவா அண்ணை எனக்கு முன்னால் வந்து இருந்தார். நான் போனதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"நீ எந்தப் பக்கத்தில இருந்தனி?" என்று மட்டும் கேட்டார்.

அட்டை கழன்று விழுந்த கண்ணாடிப் பக்கம் என்றேன். அவர் எழும்பிப் போய் முகம் கழுவினார். அவருடைய அகதி வழக்கு அப்போதும் முடியவில்லை. பொலிஸ் வழக்கு ஒன்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் சில மாதம் அங்கே இருந்தோம்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கீப்பர் டோனட் கடையில் என்னைக் கண்டு எதிரே வந்து இருந்தார். கதிரையில்தான் இருந்தார். வலது கை உள்ளங்கையில் தையல் போட்ட அடையாளம். உம்மட மனுசி எப்ப வாறா என்று கேட்டார். விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்றேன். கொழும்பு எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் பிளேனில் என்று கேட்டார். கோப்பி முடிந்ததும் எழும்பிப் போனார். விசாரணையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகு சொல்வதற்கு அது என்ன உதவியா?

ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. நடுவர் முதலில் அவரிடம், நீ எறியவில்லை என்றால் எறிந்தது யார் என்று கேட்டார். நான் கல்லைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை என்றார் கீப்பர். அது பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன், நடைபாதையில் ஆபீஸ் மனேஜர் என் தோளில் கை வைத்து, விசா ஆட்கள் உன் வேலையைப் பற்றி விசாரிக்க எங்களுக்குத்தான் ரெலிபோன் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். யார் எறிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பிடித்தார் என்று மட்டும் சொன்னால் போதும். சிவா அண்ணையின் பெயர் என் வாயில் வர வேண்டியதே இல்லை. இது எனக்கு அப்போதே விளங்கியிருந்தது. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல.

குனிந்துகொண்டு இருந்தேன், ஒன்றும் காணவில்லை என்றேன். அந்தப் பெண் அதை இங்கிலீசில் சொன்னாள். நடுவர் திரும்பவும் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. அவர் கையில கல்லு எப்பிடி வந்ததெண்டு நீங்கள் காணேல்லையோ?" என்றாள்.

"காணேல்லை," என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

கொம்பனியின் முடிவு சரி என்று தீர்ப்பு வந்தது. அவர் வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஏதோ பள்ளிக்கூடத்தில் நிலம் துடைக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். ஏழெட்டு வருடம் கழித்து வார்டன் ஸ்ரேசனில் ஒருநாள் கண்டேன். எதிர் மேடையில் சுவரோரமாகக் குந்தியிருந்தார். அவர் தலை நிமிர முன் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ரயில் வந்து போனபின் பார்த்தேன். அவர் இல்லை.

சிவா அண்ணை இப்போது ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கியிருக்கிறார். கல்யாண வீடுகளில் சந்திப்போம். பிள்ளைகளைப் பற்றி, வீட்டு விலையைப் பற்றி, கொலஸ்ட்ரோல் மாத்திரையைப் பற்றி எல்லாம் பேசுவோம்.

என் மனைவி, தீர்ப்பு வந்த வருட ஆவணியில் வந்து சேர்ந்தாள். இதை நான் அவளுக்குச் சொன்னது போன வருடம்தான். அஜக்ஸில் எங்கள் வீட்டுக் குசினியில், அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியாது. முழுவதையும் கேட்டாள். நான் முடித்ததும், நான் தப்ப ஒரு வழி விடப் பார்த்தாள்.

"அவை கேட்டது உங்களுக்குச் சரியா விளங்காமல் போச்சோ, அப்பா? இங்கிலீசில கேட்டிருப்பினம்."

"இல்லை. தமிழிலதான் கேட்டவ. ரெண்டு தரம் கேட்டவ. தமிழிலதான் சொன்னனான்."

அவள் இலையை உருவி முடித்து, காம்புகளைச் சேர்த்துக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள்.

"எனக்காகச் செய்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "நான் உங்களை அப்பிடிக் கேக்கேல்லை. இன்னும் ஆறு மாசம் அந்த லொட்ஜில இருந்திருப்பன்."

சொல்லமாட்டேன் என்றேன். இப்போது, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். லொட்ஜ் என்றும் பொலிஸ் என்றும் விசா என்றும் கடிதம் என்றும் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் மிஞ்சுவது நான் மட்டும். அதனால் திரும்பவும் எழுதி வைத்தேன். அவளுக்கு இதை வாசிக்கக் கொடுக்கவில்லை.